பி ஒன்று: குறடு

புதுக்கடை, ஐந்தாம் இலக்க நீதிமன்று.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றுகிறது.
எதிரிக் கூண்டில் சந்தியோகு,
மன்னார், வயது முப்பத்தொன்று,
கிராண்ட்பாஸ் சவர்க்காரத் தொழிற்சாலையில்
யந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவர்.
குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் வாசிக்கிறார்கள்.
நடுவில் ஒரு சொல்: கடாகப்பல்.

சந்தியோகு என்னைப் பார்க்கிறார்.
"கப்பலா மிஸ்? நான் ஹாபர் பக்கமே போகேல்லையே."

சட்டத்தரணிகள் சிரிக்கிறார்கள்.
உரைபெயர்ப்பாளருக்குச் சிரிக்க அனுமதியில்லை.
கப்பல் இல்லை, நாசவேலை என்கிறேன்.
கேட்டதும் மனிதர் பாதியாகிப் போனார்.
கப்பலென்றே விட்டிருக்கலாம்.

முறைப்பாட்டின் ஆங்கிலப் பிரதியில் அது சபோட்டாஜ்.
அதற்குள்ளே மரச்செருப்பு கிடக்கிறது,
பிரெஞ்சில் சபோ.
கோபம் வந்த தொழிலாளர்
காலில் கிடந்ததைக் கழற்றிப்
பற்சக்கரத்துக்குள் எறிந்தார்களாம்.
நல்ல கதை. நெடுநாள் நானும் நம்பினேன்.
அகராதிக்காரர்கள் தலையாட்டுவதில்லை.
மரச்செருப்போடு தடதடவென்று நடப்பது,
பிறகு அதே மாதிரி
வேலையையும் கன்னாபின்னாவென்று முடிப்பது,
முதலில் அவ்வளவுதான் என்கிறார்கள்.
எறிந்தவர் எவருமில்லை.
நடந்த சத்தம் இருந்திருக்கிறது.

சான்றுப்பொருள் மேசைக்கு வருகிறது:
பொலித்தீன் பை, அரக்கு முத்திரை,
பி ஒன்று என்ற சீட்டு.
"இது என்ன?"
"குறடு."
அண்டுவ என்று நீதவானுக்குச் சொன்னேன்.
சரியான சொல்தான்.
ஆனால் மற்றக் குறடு என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.
பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
குமிழ் வைத்த பாதக்குறடு.
ஒன்று கம்பியைக் கவ்வும்.
மற்றதை விரல் கவ்வும்.
நாசவேலைக்குள் மரச்செருப்பு,
மரச்செருப்புக்குள் இந்த இரும்பு.
இதை யாருக்கு, எந்த மொழியில்
உரைபெயர்ப்பது?

பன்னிரண்டேகால்.
பின்பக்கத்துப் பள்ளிவாசலில்
ஹவுளடி ஈரத்தில் கட்டை மிதியடிகள்
டொக், டொக்கென்று போயின.
நீதவான் பேனாவை நிறுத்தி யன்னலைப் பார்த்தார்.
எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

"வேலை முடிந்தபின் குறட்டை ஏன்
வெளியே கொண்டுபோனாய்?"
"செருப்புக்கு, சேர்."

மன்றமே குனிந்தது.
அரச தரப்பில் கறுப்புச் சப்பாத்து,
பொலிஸ் சப்பாத்து,
முதலாளியின் சட்டத்தரணிக்குக் கூர்மூக்குச் சப்பாத்து.
கூண்டுக்குள் நீலப் பாட்டா.
இடது காலில் அறுந்த வாரைச்
செப்புக்கம்பி மூன்று சுற்றில் பிடித்திருந்தது.
முனையை உள்ளே மடக்கியிருந்தார்,
தோலைக் கீறாதபடி.
நல்ல வேலை. அரைகுறை இல்லை.

சந்தியோகு, சப்பாத்து
இரண்டு சொல்லும் போர்த்துக்கேயக் கப்பலில்
வந்து இறங்கியவை.
பேர் இவருக்குக் கிடைத்தது.
கப்பலா என்று அவர் கேட்டதில் பிழையில்லை.

"கம்பி யாருடையது?"

யாரும் எதிர்பார்க்கவில்லை, நான் உட்பட.
யந்திரத்தில் அறுந்ததும் செப்புக்கம்பி.
நீதவான் கட்டளையிட்டார்.
கழற்றச் சொன்னார்கள்.
பொலித்தீன் பை, அரக்கு, புதுச் சீட்டு,
பி இரண்டு.

எழுத்தர் கேட்டார்: தமிழில் என்ன போட?
செருப்பு, இடது, ஒன்று என்றேன்.
குறடு என்றிருந்தால்
இரண்டு பையிலும் ஒரே சொல் இருந்திருக்கும்.
இறப்பரைக் குறடு என்பதில்லை.
சத்தியம் செய்து வேலைக்கு வந்தவள் நான்.

தவணை, அடுத்த மாதம் பதினெட்டு.
படியிறங்கிப் போகிறார் சந்தியோகு.
வலது கால் சப்பென்று அடிக்கிறது.
இடது கால் ஒன்றும் சொல்லவில்லை.